ரெண்டு கிலோமீட்டர் காத்து

அத்தியாயம் 6

"இருபது."

பேப்பர்ல அந்த ஒரு நம்பரை மட்டும் சிவப்பு பேனாவால வட்டம் போட்டிருந்தாங்க. அந்த வட்டத்துக்குள்ள ஒரு ஆளு மாட்டிகினு இருந்தாரு. பேரு கோதண்டபாணி. துணிக்குச் சாயம் போடறவரு.

"நான் கணக்குல வாங்கின மார்க்கு மேடம் இது," ன்னான் துளசிங்கம். "எங்கப்பா பெல்ட்டாலதான் அடிச்சாரு. ஜெயிலுக்கெல்லாம் அனுப்பல."

தேவகி மேடம் சிரிக்கல. டீயும் குடிக்கல. எதிர்ல உக்காந்திருந்த பொண்ணையே பாத்துகினு இருந்தாங்க.

மேடம் மொதல்ல அரக்கோணத்துல இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வேலை பாத்தவங்க. எங்கனா கடை எரிஞ்சா, குடோன் எரிஞ்சா, போயி சாம்பலைக் கிளறி இது தானா எரிஞ்சதா, எரிச்சதான்னு சொல்லுவாங்க. இப்ப சொந்தமா துப்பறியற ஆபிஸ். ஆபிஸ்னா ஒரு மேசை, ஒரு ஃபோனு, ஒரு துளசிங்கம். துளசிங்கம் முப்பது வருசம் பஸ் கண்டக்டர். ஆளைப் பாத்தே எந்த ஸ்டாப்பிங்ல எறங்குவான்னு சொல்லிடுவான். அந்தத் திறமைக்கு வேற எங்கயும் சம்பளம் குடுக்கல, மேடம்தான் குடுத்தாங்க.

ரெண்டாயிரத்தி ஆறு, தை மாசம். திருத்தணி பஸ் ஸ்டாண்டு எதிர்ல டீக்கடை. நாளைக்கு காலைல தாசில்தார் ஆபிஸ்ல விசாரணை.

எதிர்ல இருந்த பொண்ணு விஜி. கோதண்டபாணி அவளுக்கு அப்பா. செத்துப் போன தணிகைமணி அவளுக்கு வூட்டுக்காரன். அத்தை மவன். சின்ன வயசுலருந்து அவ பாவா பாவான்னு கூப்பிட்டவன்.

நடந்தது இவ்ளோதான். மலையடில சாயத் தெரு. கிருத்திகைக்கு காவடி எடுக்கறவங்களுக்கு மஞ்சத் துணி சாயம் போடற தெரு. தெருவோட கடைசியில, பள்ளத்துல இவங்க கொட்டாய். தணிகைமணிக்கு ஏற்கெனவே மூச்சு இழுப்பு, ஆஸ்துமா. ஆர்டர் அவசரம்னு கொட்டாயிலயே படுத்தான். விடிஞ்சப்ப மூச்சு இல்ல. புகையில மூச்சு முட்டி செத்தான்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க.

எந்தப் புகை? கேள்வி அதான்.

தெருவே திரண்டு போயி ஆந்திரா பார்டர் பக்கம் மேட்டு மேல இருக்கற டயர் கம்பெனி முன்னாடி உக்காந்துச்சு. பழைய டயரை உருக்கி எண்ணெய் எடுக்கற கம்பெனி. அவங்க சும்மா இருப்பாங்களா? மெட்ராஸ்ல ஒரு ஆளைப் புடிச்சு ரிப்போர்ட் வாங்கினாங்க. அன்னிக்கு சாட்டிலைட்டு ஊருக்கு மேல பாத்துச்சாம். தரை மட்டத்துல சல்பர் வாயு ஒரு கன மீட்டருக்கு இருபது மைக்ரோகிராம்தானாம். எம்பது வரைக்கும் பரவாயில்லன்னு சட்டமே சொல்லுது. வெளிக்காத்து சுத்தம். அப்படின்னா புகை உள்ள இருந்துதான் வந்திருக்கணும். உள்ள இருந்தது கோதண்டபாணி அடுப்பு. ஜன்னலைச் சாத்தினதும் அவருதான். போலீஸ் அன்னிக்கே அழைச்சுகினு போயிட்டாங்க.

"உங்க அப்பா இன்னாம்மா சொல்றாரு?" ன்னாங்க மேடம்.

"நைனா ஒண்ணும் சொல்றதில்ல மேடம். குளிருதுன்னு நான்தான் ஜன்னலச் சாத்தினேன், நான்தான் புள்ளய கொன்னுட்டேன்னு அழுவுறாரு." விஜி துப்பட்டாவ முறுக்கிகினே இருந்தா. "வெளிய எடுங்கன்னு கூட நான் கேக்கல. எங்க பாவாவ எங்க நைனாதான் கொன்னாரா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க. அவரு திரும்பி வந்தா சோறு போடணும் இல்ல? எந்த மூஞ்சிய வெச்சுகினு போடறது?"

துளசிங்கத்துக்கு வாயில வந்த ஜோக்கு தொண்டையிலயே எறங்கிப் போச்சு.

மேடம் ரிப்போர்ட்டுல கீழ இருந்த நம்பருக்கு ஃபோன் போட்டாங்க. எழுதினது கணேஷ்ராம்னு ஒரு சின்ன வயசு ஆளு. ஸ்பீக்கர்ல போட்டு டீ கிளாஸு மேல சாய்ச்சு வெச்சாங்க.

"தம்பி, சாட்டிலைட்டு தரையில இருக்கற காத்தை அளக்குமா?"

"இல்லங்க மேடம். அது மேல இருந்து கீழ பாக்கும். தரையிலருந்து வானம் வரைக்கும் மொத்தமா எவ்ளோ வாயு இருக்குதுன்னுதான் அதுக்குத் தெரியும். எந்த உயரத்துல எவ்ளோன்னு தெரியாது."

"அப்ப இருபது எங்கருந்து வந்துச்சு?"

"மொத்தத்தை உயரத்தால வகுத்தேன். புகை எவ்ளோ உயரம் வரைக்கும் கலந்திருக்குதோ, அந்த உயரம்."

"புரியல தம்பி," ன்னான் துளசிங்கம். "பஸ்ஸுல ஏத்தி சொல்லு."

கணேஷ்ராம் பதில் சொல்றதுக்குள்ள விஜி பேசினா. "சாயத் தொட்டி மாதிரிங்களா? மேல இருந்து பாத்தா மொத்தம் எவ்ளோ சாயம் கொட்டியிருக்காங்கன்னு தெரியும். தண்ணி ஆழம் தெரிஞ்சாத்தான் சாயம் கெட்டியா, தண்ணியான்னு சொல்ல முடியும். அரை ஆள் ஆழம்னா வெளுக்கும். முழங்கால் ஆழம்னா கையில ஒட்டினது போவாது."

கணேஷ்ராம் குரல்ல ஆச்சரியம். "ஆமாங்க. அதேதான்."

"நீங்க எவ்ளோ ஆழம் வெச்சீங்க?" ன்னாங்க மேடம்.

"ரெண்டு கிலோமீட்டர். சாட்டிலைட்டு மத்தியானம்தான் அந்தப் பக்கம் வரும். மத்தியானம் வெயில்ல காத்து கொதிச்சு அந்த உயரத்துக்குக் கலந்துடும். தப்பு இல்லங்க மேடம், எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

"செத்தது மத்தியானம் இல்லியே தம்பி. விடியக்காலம்."

"தெரியும் மேடம்." அவன் குரல் எறங்கிடுச்சு. "பனிக்காலத்துல விடியக்காலம் காத்து மேல எழும்பாது. மூடி போட்ட மாதிரி புகை கீழயே நின்னுடும். அன்னிக்கு காத்தும் வீசல, அதே புகைதான் மத்தியானம் வரைக்கும் ஊரு மேல இருந்திருக்கும். ஆனா விடியக்காலம் மூடி எவ்ளோ உயரத்துல இருந்துச்சுன்னு யாரும் அளக்கல. நீங்க உயரத்தைக் கொண்டாங்க, நான் வகுத்துத் தரேன். கம்பெனி என்னைத் திட்டினா திட்டட்டும்."

ஃபோனை வெச்சதும் துளசிங்கம் சொன்னான், "கொலைகாரனைத் தேடியிருக்கோம், காணாமப் போன மாட்டைத் தேடியிருக்கோம். காத்தோட உயரத்தை இப்பத்தான் மேடம் தேடப் போறோம். எந்த டெய்லர் கிட்ட டேப்பு வாங்கறது?"

மேடம் எழுந்து மலையப் பாத்தாங்க. "டேப்பு அங்க நிக்குது. வாங்க."

மூணு பேரும் படி ஏறினாங்க. துளசிங்கம் வழியில எல்லாரையும் கேட்டுகினே வந்தான். அன்னிக்கு விடியக்காலம் பனி எதுவரைக்கும் இருந்துச்சு? பூக்காரம்மா கழுத்து வரைக்கும்னா. மொட்டை அடிக்கற ஆளு அன்னிக்கு பனியே இல்லன்னான். தேங்கா கடைக்காரரு மட்டும் யோசிச்சு, ஒரு தேங்கா வாங்கினா ஞாபகம் வரும்னாரு. துளசிங்கம் வாங்கினான். ஞாபகம் வரல.

பாதி மலையில ஒரு மண்டபம். அங்க ஒரே கூச்சல்.

மேல் சட்டை இல்லாம, ஈர வேட்டியோட ஒரு அய்யரு. மலை மேல கோயில் மடப்பள்ளியில சமையல் பண்ற சேஷகிரி. எதிர்ல மூட்டையோட வீராசாமி, பொதட்டூர்பேட்டையிலருந்து வேட்டி கொண்டாந்து விக்கறவரு.

"ஒரே ஜோடிய்யா! ஒரே தறி! ஒண்ணு இரும்பு மாதிரி இருக்கு, இன்னொண்ணைக் கட்டிண்டு குனிஞ்சேன், பின்னாடி டர்ருனு போயிடுத்து. அண்டா முன்னாடி நிக்கறேன், எட்டு பேர் பாக்கறா!"

"சாமி, நீங்க குனிஞ்ச வேகம் அப்படி. நூலு இன்னா பண்ணும்?"

துளசிங்கம் சிரிச்சுட்டான். மேடம் சிரிக்கல. அவங்க நின்ன எடத்துலயே நின்னுட்டாங்க.

"சாமி, அந்த ரெண்டு வேட்டியும் எங்க காய வெச்சீங்க?"

"இது என்ன கேள்வி? மடி வேஷ்டி. ஒண்ணு மேல, மடப்பள்ளி பின்னாடி கொடியில. இன்னொண்ணு எங்காத்துக் கொடியில, கீழ, மலையடியில. சாயங்காலம் நனைச்சு, கோலால தூக்கி உசரக்க போட்டுட்டா கார்த்தால கட்டிக்கற வரைக்கும் யாரும் தொடப்படாது. பார்வதம் கூட, அவ என் ஆத்துக்காரி, அவ கூடத் தொட மாட்டா. எலி கடிக்க வழியே இல்ல."

"ராத்திரி பூரா வெளியதான் தொங்குமா?"

"பின்ன?"

"கிழிஞ்சது கீழ தொங்கினதுதானே?"

சேஷகிரி மூஞ்சி மாறிப் போச்சு. "எப்படித் தெரியும்?"

"வேற யாராவது இதே வேட்டி வாங்கினாங்களா சாமி?"

"என் மச்சினன் ஸ்கந்தகுமார். அதோ, இந்த மண்டபத்துக்குப் பின்னாடிதான் குடியிருக்கான். அவனும் இப்படித்தான் ராத்திரி வெளிய காயப் போடறான், அவனுது கல்லு மாதிரி இருக்கு. அதான் இந்த ஆளு நம்ப மாட்டேங்கறான்."

"கிழிஞ்சது என்னிக்கு?"

"கீழ சாயத் தெருவுல ஒரு பையன் போயிட்டானே, அன்னிக்குக் கார்த்தால. பார்வதம் அபசகுனம்னு அழுதா."

விஜி தூணைப் புடிச்சுகினு நின்னா. மேடம் மெதுவா கேட்டாங்க, "அந்த வேட்டிய நான் பாக்கலாமா?"

"கிழிசலை மடியா கட்டிக்கப்படாது. நாலா கிழிச்சு அண்டா புடிக்கற துணி ஆக்கிட்டோம். தெனமும் தோய்க்கறோம். கேட்டாலும் நீங்க தொட முடியாதும்மா, கோச்சுக்காதீங்கோ."

"போச்சு," ன்னான் துளசிங்கம். "நம்ம சாட்சி மலை மேல சாம்பார் அண்டா தூக்கிகினு இருக்குது. கோர்ட்டுக்குக் கூப்பிட்டா புளியோதரை வேகலன்னு சொல்லிடும்."

ஆனா மேடம் கண்ணுல வெளிச்சம் வந்துடுச்சு. சல்பர் புகையும் பனி ஈரமும் சேர்ந்தா அது ஆசிட்டு. நூலை அரிச்சுடும். இன்சூரன்ஸ்ல இருந்தப்ப எரிஞ்ச குடோனுக்குப் பக்கத்து ஜவுளிக் கடையில அவங்க பாத்திருக்காங்க. கீழ வேட்டி அரிச்சிருக்குது. இந்த மண்டபத்துல அரிக்கல. மேலயும் அரிக்கல. அப்படின்னா அன்னிக்கு மூடி இந்த மண்டபத்துக்குக் கீழதான் இருந்திருக்குது. மண்டபத்து உயரம் மிஞ்சிப் போனா அறுபது மீட்டர்.

ஃபோன் போட்டாங்க. "தம்பி, ரெண்டு கிலோமீட்டரைத் தூக்கிப் போடுங்க. அறுபது மீட்டர்ல வகுங்க."

கால்குலேட்டர் தட்டற சத்தம் ஃபோன்லயே கேட்டுச்சு.

"மேடம்... அறுநூத்தி அறுபதுக்கு மேல போவுது. இழுப்பு இருக்கறவன் அதுல படுத்தான்னா..." அவன் முடிக்கல.

விஜி அப்படியே படியில உக்காந்துட்டா. "அப்ப நைனா இல்ல," ன்னா. "நைனா அடுப்பு இல்ல. வெளியதான்." ரொம்ப நாள் கழிச்சு அழுதா.

துளசிங்கத்துக்கு குஷி தாங்கல. "அய்யரு வேட்டி கிழிஞ்சு கம்பெனி மானம் போச்சு! மேடம், அதோ பாருங்க அவங்க சிம்னி. நாளைக்கு அதுல காக்கா கூடு கட்டும்."

கையை நீட்டினான். பார்டர் பக்கம் மேட்டு மேல அந்த சிம்னி. இவங்க நின்ன மண்டபத்தை விட ஒரு பனை உயரம் மேல நின்னுச்சு அதோட வாயி.

மேடம் அதைப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் அவங்க கண்ணுல இருந்த வெளிச்சம் போயிடுச்சு.

"துளசிங்கம். மூடி எங்க இருந்துச்சு?"

"மண்டபத்துக்குக் கீழ."

"சிம்னி வாயி எங்க இருக்குது?"

துளசிங்கம் நீட்டின கையை எறக்கினான். கண்டக்டர் மூளை, மெதுவா ஆனா சரியா டிக்கெட் கிழிச்சுது. மூடிக்கு மேல விட்ட புகை மூடிக்குக் கீழ எறங்காது. கம்பெனி புகைன்னா மேல மடப்பள்ளி வேட்டிதான் அரிச்சிருக்கணும். அரிச்சது கீழ வேட்டி. கீழயே பொறந்த புகை.

"வாண்டாம் மேடம்," ன்னான் சின்னக் குரல்ல. "அறுநூத்தி அறுபதைக் குடுத்துட்டு கம்முனு இருந்துடலாம். பழி கம்பெனி மேல போவட்டும். நல்ல கம்பெனியா அது?"

"நமக்குத் தெரிஞ்சது அவங்க வக்கீலுக்குத் தெரியாதா? படி ஏறி வந்து பாத்தா முடிஞ்சுது." மேடம் விஜி பக்கத்துல உக்காந்தாங்க. "அம்மாடி, உங்க தெருவுல அடுப்புக்கு என்ன போடறீங்க?"

விஜி அழுகை நின்னுடுச்சு. "கட்டைதான்."

"கிருத்திகை ஆர்டர் வந்தா?"

"டயர் துண்டு. கட்டையில தொட்டி கொதிக்க நேரமாவுது மேடம். டயரு சீக்கிரம் கொதிக்கும். எல்லாரும்தான் போடறாங்க. பகல்ல போட்டா கரும்புகைன்னு முனிசிபாலிட்டில திட்றாங்கன்னு விடியறதுக்கு முன்னாடி போடுவோம். இருட்டுல யாருக்கும் தெரியாது." கண்ணைத் தொடச்சா. "அன்னிக்கு தெரு பூரா போட்டாங்க. எங்க வூட்ல பாவாவுக்கு முடியலன்னு நைனா கட்டைதான் போட்டாரு. அதுவும் நடுவுல அணைஞ்சுடுச்சு."

பள்ளத்துல இருக்கற கடைசிக் கொட்டாய். தெருவோட புகை பூரா வழிஞ்சு போயி, கூரை இடுக்கு வழியா உள்ள எறங்கி நின்ன எடம். ஒரு ஆளு கொல்லல. ஒரு தெரு கொன்னுருக்குது. அந்தத் தெருவே கம்பெனி வாசல்ல போயி உக்காந்து மாருல அடிச்சுகினு அழுதிருக்குது.

கணேஷ்ராம் இன்னும் லைன்லதான் இருந்தான். "மேடம், என் கணக்கை மட்டும் நீட்டினா தாசில்தார் ஒத்துக்க மாட்டாரு. வேட்டி கிழிஞ்சதை வெச்சு உயரம் போட்டேன்னு எழுத முடியாது. மூடிய ஒரு ஆபிசர் கண்ணால பாக்கணும். நாளைக்கும் பனி இருக்கும்னு வானிலையில சொல்றாங்க."

அதனால ஒரு ஏற்பாடு பண்ணாங்க. தாசில்தார் இளங்கோவன் நல்ல மனுசன், மேடம் கேட்டதும் விசாரணைக்கு முன்னாடி மண்டபத்துக்கு வரேன்னாரு. தெரு எப்பவும் போல அடுப்பு பத்த வெச்சா போதும். புகை எழும்பி, மூடியில முட்டி, பள்ளத்துல போயி நிக்கறதை அவரே பாப்பாரு.

விஜி வூடு வூடா போயி கேட்டா. துளசிங்கமும் கூட போனான்.

"ஆங், பத்த வெக்கறோம்மா. உங்க நைனாவுக்காக இது கூடவா செய்ய மாட்டோம்?" ன்னாங்க மொத வூட்டு கௌரியம்மாள். பக்கத்து வூட்டுலயும் ஆங். எதிர் வூட்டுலயும் ஆங். எல்லாரும் ஆங்னாங்க. கதவை மட்டும் சீக்கிரமா சாத்தினாங்க.

தெரு முனையில விஜி கேட்டா, "செய்வாங்களாண்ணா?"

"முப்பது வருசம் பஸ்ஸுல பாத்தவன்மா நானு. மொத ஆளு எறங்கினா பின்னாலயே எல்லாரும் எறங்குவான். நீ மொத அடுப்பு பத்த வை. டயரே போடு, நல்லாத் தெரியட்டும். உன் புகையப் பாத்துட்டு ஒவ்வொண்ணா பத்திக்கும்."

விடியற நேரம். மண்டபத்துல நாலு பேரு. தாசில்தாரு மஃப்ளர் சுத்திகினு, அவரோட ரைட்டர் நோட்டோட, மேடம், துளசிங்கம். கீழ ஊரு சாம்பல் கலர்ல தூங்கிகினு இருந்துச்சு. பனி, காத்தே இல்ல. கணேஷ்ராம் சொன்ன மாதிரியே.

"பைனாகுலர் கொண்டாந்தேளான்னு அய்யரு கேட்டாரு சார்," ன்னான் துளசிங்கம். "மனுசனோட மனசைப் பாக்கற கண்ணாடி இருந்தா கொண்டாந்திருப்பேன்னேன்."

தாசில்தார் சிரிச்சாரு. "எங்கய்யா புகை?"

"வரும் சார். கிருத்திகை ஆர்டரு. வராம இருக்காது."

தெருக் கடைசியில, பள்ளத்துல, ஒரு கொட்டாய்க்கு மேல கறுப்பா ஒரு நூலு எழும்பிச்சு. நேரா வந்துச்சு. மண்டபத்துக்குக் கீழ வந்ததும் யாரோ உள்ளங்கையால அழுத்தின மாதிரி அப்படியே நின்னு, பரந்து, தட்டையா விரிஞ்சுது.

"பாத்தீங்களா சார்! மூடி!" துளசிங்கம் குதிச்சான். "இன்னும் பாருங்க, அடுத்தது வரும்."

பாத்தாங்க. அடுத்தது வரல.

வானம் வெளுத்துச்சு. கௌரியம்மாள் வூட்டு மேல ஒண்ணும் இல்ல. எதிர் வூட்டுல ஒண்ணும் இல்ல. தெரு பூரா ஓட்டு மேல பனி மட்டும் சுத்தமா படுத்திருந்துச்சு. ஆபிசர் பாக்கறாருன்னு தெரிஞ்சா எவன் டயரு போடுவான்? அது நேத்தே தெரிஞ்சிருக்கணும். கதவை அவ்ளோ சீக்கிரமா சாத்தினப்பவே தெரிஞ்சிருக்கணும்.

தேவகி மேடம் தூணுல சாஞ்சு கண்ணை மூடிகினாங்க.

"நீங்க சொன்ன மூடிய ஒத்துக்கறேன் மேடம்," ன்னாரு தாசில்தார், பாவமா. "நல்லாவே தெரியுது. எழுதிக்கய்யா. ஆனா டயர் புகை ஒரே ஒரு கொட்டாயிலருந்துதான வருது." ரைட்டரு பேனாவைத் தூக்கினாரு. தாசில்தார் துளசிங்கத்தைப் பாத்தாரு. "அது யாரு வூடு?"

ஸ்டாப்பிங் பேரைக் கத்திக் கத்தியே பொழைச்ச வாயி. தொறந்துச்சு. சத்தம் வரல.

கீழ விஜி கொட்டாயை விட்டு வெளிய வந்தா. இந்தப் பக்கம் வூட்டுக் கூரையப் பாத்தா, அந்தப் பக்கம் கூரையப் பாத்தா. அப்புறம் தலையத் தூக்கி மலையப் பாத்தா. அங்கருந்து இவங்க தெரிஞ்சிருக்க மாட்டாங்க.

இன்னும் கொஞ்சம் நல்லாத் தெரியட்டும்னு நெனச்சாளோ என்னவோ. இன்னொரு டயர் துண்டு எடுத்துகினு உள்ள போனா.